ஓங்கி மிதிக்கும் கால்

முதலில் வந்தது ஒரு சத்தம்தான். என் வீட்டுக்காரரின் வலது செருப்பு தரையை உரசிக்கொண்டே வந்தது. செருப்புத்தான் பெரிசு என்று நினைத்து வேறு வாங்கிக் கொடுத்தேன். அதுவும் உரசியது.

அவர் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். அங்கே எதையும் இழுக்கக் கூடாது, தட்டக் கூடாது. வெறுங்காலோடு பூனை மாதிரி நடக்க வேண்டும். ஓர் உரசல் போதும், கூரையும் மிஞ்சாது. அவர் கால் இழுப்பதைப் பார்த்த போர்மேன், "அண்ணாச்சி, இனி வீட்ல இருங்க. கோவிச்சுக்கிடாதீக" என்று அனுப்பிவிட்டார். வாசலில் நின்று அதை என்னிடம் சொன்னபோதுதான் அவர் கை நடுங்குவதையும் பார்த்தேன்.

மதுரையில் நரம்பு டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்தார். நடுக்குவாதம் என்றார் (மூளையில் அசைவுக்கு உதவும் ஒரு சுரப்பு குறைந்துபோகும் நோய், நடக்கையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும்).

"சரியாயிருமா சார்?"

"மாத்திரை தாங்கிப் பிடிக்கும், குணமாக்காது. உக்கார விடாதீங்கம்மா, நடக்க வைங்க."

நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை என்பார்கள். எத்தனையோ பேருக்கு நான் சிரித்துக்கொண்டே சொன்ன பழமொழி. ஊர் திரும்பும் பஸ்ஸில் அது என் வாய்க்கு வரவில்லை.

எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் காலைதோறும் வயசானவர்களுக்குப் பயிற்சி நடந்தது. விருதுநகரிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) வருவார். சின்ன வயசுப் பெண். எங்களுக்கு அவர் டீச்சர். வீட்டுக்காரரைக் கூட்டிப் போன நானும், சும்மா நிற்பானேன் என்று வரிசையில் நின்றுகொண்டேன்.

"முழங்காலைத் தூக்கி ஓங்கி மிதிங்க. சத்தம் கேக்கணும்" என்றார் டீச்சர்.

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பாதிப்பேர் பட்டாசு வேலையில் கிடந்தவர்கள். பஞ்சில் வைப்பதுபோல் காலை வைத்தார்கள்.

"கால் வலிக்குதாய்யா?"

"வலியில்லம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "தரையத் தட்டுனா நெஞ்சு பதறுது."

அவரோடு மருந்து கலந்த சுப்பையா பக்கத்தில் நின்றார். "ஏலே, இங்கன என்னலே வெடிக்கப் போகுது, உன் வேட்டியா? மிதிலே!" சொன்னவரும் மெல்லத்தான் மிதித்தார். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

இந்த நோய்க்காரர்களுக்குத் தன்னால் வரும் நடை மறந்துபோகும் என்று டீச்சர் விளக்கினார். ஓங்கி மிதித்தால் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கால் வருமாம். கொஞ்சம் கொஞ்சமாக என் வீட்டுக்காரர் காலுக்கும் சத்தம் வந்தது. தெருவில் தொம் தொம்மென்று வருவார். அந்தக் கோடை முழுக்க என் கை பிடிக்காமல் கூடத்துக்கு நடந்தார்.

பிறகு மகள் பிரசவத்துக்கு வந்தாள். ஒரு மத்தியானம் பிள்ளை தொட்டிலில் தூங்கியது. தண்ணீர் குடிக்க எழுந்தவர், பிள்ளை முழித்துவிடுமே என்று பழைய நடையில் மெல்லப் போயிருக்கிறார். கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு முன்னால் போய்விட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. பிள்ளை அப்போதும் முழிக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. அவர் மறுபடி எழுந்து நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் கால் உரசும் சத்தம் கேட்டால் செருப்பை மாற்றிக்கொண்டு இருக்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். பிள்ளை தூங்கினாலும் ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். முழித்த பிள்ளை மறுபடி தூங்கிவிடும்.

கூடத்துக்கு இப்போது நான் மட்டும் போகிறேன். அவர்தான் விரட்டுவார். தூங்குகிறாரோ என்று ஒருநாள் ஓசையில்லாமல் திரும்பி வந்தேன்.

"ஏன் புள்ள பூன மாதிரி வாற? மிதிச்சு வா. நீ எங்கன வாறேன்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தாத்தான் எனக்குப் பொழுது நகருது."

கடிகாரம் இருக்கும் சுவர்ப்பக்கம் அவருக்குக் கழுத்துத் திரும்பாது. ஆகவே தெருமுனையிலிருந்தே ஓங்கி மிதித்து வருகிறேன். குதிகால் வலிக்கிறது. வாசல்படியில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து "வந்துட்டியா" என்பார். இந்த நோயில் குரலும் தேய்ந்துகொண்டே போகும். இப்போதெல்லாம் அதைக் கேட்க, நான் மிதிப்பதை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது.