இதயத் தசையைப் படித்த கூக்கால் பொன்னுத்தாய்

பழனி அடிவாரத்தில் என் தம்பியின் பஞ்சாமிர்தக் கடையில் நின்றிருந்தபோது பொன்னுத்தாயின் அண்ணன் மகள் கவிதா போனில் அழைத்தாள். கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கடையின் பின்பக்கம் போய் மறுபடி கேட்டேன்.

"மேடம், அத்தை போயிருச்சு. வெள்ளனே எந்திரிச்சு காபி போட்டுக் குடிச்சிட்டு நாற்காலில உக்காந்துச்சு. அப்படியே..."

நான் பஸ் ஏறினேன்.

பொன்னுத்தாயை உங்களில் பலருக்குக் கொடைக்கானல் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியையாகத் தெரியும். நான் அங்கே வேதியியல் நடத்தினேன். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பிளாஸ்க். அவள் பக்கத்து மலைக்கிராமமான கூக்காலில் பூண்டு போடும் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டத்துக்கு மதுரையில் அவள் ஆராய்ந்தது இதயத் தசைச் செல்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் கல்லூரியில் படிக்கும்போது அவளுடைய அண்ணன் பூண்டு மூட்டையைத் தூக்கியபடியே தோட்டத்தில் சரிந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். "மலையில ஏறி எறங்குற வயசுப்புள்ளைக்கு என்ன அடைப்பு? யாரும் தொறந்து பாக்கலையே" என்று அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஆனால் சோகமாகத் திரிந்தவள் அல்ல. ஆண்டுதோறும் மாணவர்களுக்கு அவள் நடத்தும் கோழிக்கரு வகுப்பு ஒரு திருவிழா. அடைவைத்த முட்டையிலிருந்து கருவின் துளி இதயத்தை எடுத்து, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் போடுவாள். உடலை விட்டு வந்த பிறகும் அது துடித்துக்கொண்டிருக்கும். கொடைக்கானல் குளிரில் கரைசல் ஆற ஆறத் துடிப்பு மந்தமாகும். "ஏ சாந்தி, வெரசா வெந்நி கொண்டா, நின்னுரப் போகுது!" என்று கத்துவாள். வேதியியல் பேராசிரியை நான் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மாணவர்கள் சிரிப்பார்கள். பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் ஊற்றியதும் துடிப்பு மறுபடி வேகம் பிடிக்கும். பிறகு மைக்ராஸ்கோப்பின் முன் வரிசை நகரும்.

மதுரை ஆய்வகத்தில் தனித்தனிச் செல்லாகப் பிரித்து வளர்த்த கதையையும் அன்று சொல்வாள். ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் துடிக்குமாம். வளர்ந்து ஒன்றையொன்று தொட்ட பிறகு எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடுமாம். "மொத தடவ பாத்தப்ப சோறு எறங்கல எனக்கு" என்பாள்.

கவிதா அந்த அண்ணனின் மகள். தகப்பன் இறக்கும்போது கைக்குழந்தை. அத்தை வீட்டில் தங்கி எங்கள் கல்லூரியில் படித்தாள், நன்றாக ஓடுவாள். ஒரு விளையாட்டு விழாவில் பாதி ஓட்டத்தில் விழுந்தாள். சிறிது நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எல்லாரும் குளுகோஸ் கரைத்தார்கள். பொன்னுத்தாயின் முகம் மட்டும் வெளுத்திருந்தது. "ஓடி முடிச்சு நின்னு மயங்குனா வேற. இவ ஓடுறப்பவே விழுந்துட்டா சாந்தி" என்றாள்.

சில குடும்பங்களில் இதயத்தின் தசைச்சுவர் பிறவியிலேயே வந்த கோளாறால் தடித்துப்போகும். பாத்தி கட்டியதுபோல வரிசையாக இருக்க வேண்டிய செல்கள் தாறுமாறாகக் கிடக்கும். தாளம் திடீரென்று சிதறிவிடலாம். அண்ணனுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்று அவள் சந்தேகப்பட்டாள். கவிதாவுக்கு நெஞ்சு ஸ்கேன் எடுக்கச் சம்மதம் கேட்க மறுநாளே கூக்காலுக்குப் போனோம்.

கவிதாவின் அம்மா ராசாத்தி ஒரேயடியாக மறுத்துவிட்டார். "நெஞ்சுல கோளாறுன்னு ஊருக்குத் தெரிஞ்சா இவள யாரு கட்டுவா? படிச்ச திமிருல பேசாத."

"கட்டிக் குடுக்குறதுக்கு மொதல்ல ஆளு இருக்கணும் மதினி."

கொஞ்ச நேரம் கழித்துப் பொன்னுத்தாய் தணிந்த குரலில் சொன்னாள். "அவளுக்கு வேணாம். எனக்கு எடுக்கப் போறேன். சும்மா தொணைக்கு ரெண்டு பேரும் வாங்க."

அதுவரை அவள் தனக்கு எடுத்துப் பார்த்ததே இல்லை. ஏன் என்று பஸ்ஸில் கேட்டேன். "பயந்தான், வேற என்ன" என்றாள்.

மதுரையில் ஸ்கேன் மேசையில் படுத்துக்கொண்டு, திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னாள். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து ராசாத்தியின் கையைப் பிடித்தாள். "எனக்கு இருக்கு மதினி. அண்ணன் ரத்தந்தான எனக்கும்." ராசாத்தி மகளின் முதுகில் கைவைத்து மேசைப் பக்கம் நகர்த்தினார்.

கவிதாவுக்குச் சுவர் இன்னும் தடிப்பாக இருந்தது. தாளம் சிதறினால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஒரு சிறு கருவியை நெஞ்சுக்குள் வைத்தார்கள். ஓட்டம் நின்றது. அந்தக் கோபத்தில் அவள் அத்தையோடு பேசுவதை விட்டு, ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பொன்னுத்தாய் வாரந்தோறும் முறுக்கு கொண்டுபோய் வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்புவாள்.

பிறகு ஒரு நாள் எங்கள் அறையில் போன் அடித்தது. பள்ளங்கி கிராமத்துக்குப் போகும் பஸ்ஸில் கவிதாவுக்குக் கண் இருண்டு, நெஞ்சில் ஓங்கி ஓர் உதை விழுந்து, விழிப்பு வந்திருந்தது. "அத்தை, ஒதைச்சிருச்சு" என்று அழுதாள். "ஒதைக்கட்டும்டி, நல்லா ஒதைக்கட்டும்" என்று இவள் சிரித்தாள். கண்ணீர் மேசையில் சொட்டியது. அதன் பிறகு கூக்காலிலிருந்து சொந்தபந்தங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லாரையும் மதுரைக்கு அழைத்துப் போனவள் அவள்தான். கவிதாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நெஞ்சுக் கருவியைப் பற்றி முதலில் பேசியவர் ராசாத்தி. அந்த மாப்பிள்ளையே கட்டினார்.

பொன்னுத்தாயின் இதயம் வேறு வழியில் போனது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தளர்ந்தது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கினால் நின்று காட்சியை ரசிப்பதுபோல நடிப்பாள். "இந்தச் செல்லு புதுசா முளைக்கிறது அபூர்வம் சாந்தி. இருக்கிறத வச்சுத்தான் ஓட்டணும்" என்பாள். மாத்திரைகளோடு நன்றாகவே ஓட்டினாள்.

கூக்காலில் காரியம் முடிந்து ஏரிக்கரையில் பஸ்ஸுக்காக நின்றேன். ராசாத்தி பின்னாலேயே வந்தார்.

"டீச்சர், கவிதா மகளுக்கு அடுத்த வாரம் மதுரையில ஸ்கேன் பாக்கணும். கூடவே போயி டாக்டர் சொல்றதப் புரியிற மாதிரி சொல்ல இனி அவ இல்ல. நீங்க வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்தது வேதியியல்தான். ஆனாலும் பொன்னுத்தாய் விட்டுப்போனதில் என் பங்குக்கு வந்திருப்பது இந்தச் சோலி. இதை நான் வைத்துக்கொள்கிறேன்.