பெண்கள் வகுப்பில் தைத்த பாவாடை

பெரம்பலூரைத் தாண்டி அரியலூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. ஒரு பஸ் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. நான் ஏறவில்லை. அந்தக் கோபத்தோடு உட்கார முடியாது, நடக்கத்தான் முடியும். தையல் வகுப்பிலிருந்து அப்போதுதான் என்னை வெளியே அனுப்பியிருந்தார்கள்.

வெளியே அனுப்பப்படுவது எனக்குப் புதிதல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போயிற்று. பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கம், செங்கல் சூளை. கடைசியாக வந்து சேர்ந்தது பெரம்பலூர் வெங்காய மண்டி. பெரம்பலூர் மாவட்டமாகிச் சில வருஷங்களே ஆன காலம் அது. பகலில் மூட்டை தூக்குவேன், கோணி ஊசியால் மூட்டை வாய் தைப்பேன். சாயங்காலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முதியோர் கல்வி என்று போர்டு மாட்டியிருந்தார்கள். படிக்கலாம் என்றுதான் போனேன். உள்ளே இருந்தவை தையல் மிஷின்கள், சுற்றிலும் பெண்கள். எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும் ஒரு தொழில் எனக்கு வேண்டியிருந்தது. திரும்பிப் போகாமல் உட்கார்ந்துவிட்டேன். டீச்சரும் விரட்டவில்லை.

முதலில் கை ஊசி. மூட்டை தைத்த கை அல்லவா, ஒவ்வொரு தையலுக்கும் நூலை வெடுக்கென்று இழுத்து இறுக்கினேன். பாவாடையின் அடிமடிப்பு முழுவதும் சுருங்கிக்கொண்டது.

“அண்ணே, இது பாவாடையா, வெங்காய மூட்டையா? தலையில தூக்கி வக்கிறேன், குனியுங்க” என்றாள் எதிரே இருந்த பெண்.

“தூக்கு. கூலி போட்டுத் தரேன்.”

பிரித்துப் பிரித்துத் தைத்தேன். கை தளர நாளாயிற்று.

மிஷினுக்கு வந்த பிறகு டீச்சர் கேட்டார்: “எல்லாரும் ஆளுக்கொரு பாவாடை தெச்சுக் காட்டணும். நீங்க யாருக்கு அளவு எடுப்பீங்க?”

“அளவுப் பாவாடை குடுத்தாப் போதும், டீச்சர்.”

“யாரு குடுப்பா?”

மறுநாள், என் மண்டியிலேயே வெங்காயத் தாள் அறுத்துவிட்டு வகுப்புக்கும் வரும் அக்கா ஒருத்தி, துவைத்து மடித்த பழைய பாவாடையையும் புதுத் துணியையும் என் மிஷின்மேல் வைத்தாள். “இடுப்பு இதே போதும் தம்பி. நீளத்துல நாலு விரக்கடை கூட்டி வையி.”

“ஏக்கா, ஆம்பளகிட்டப் போயி பாவாடையக் குடுக்கிறியே!” என்றாள் அடுத்த மிஷினில் இருந்தவள்.

“கடைத்தெருவுல உனக்கு ஜாக்கெட் தைக்கிறவன் யாருடி, உன் சின்னம்மாவா?”

ஆறு துண்டுப் பாவாடை. வெட்டும்போது வியர்த்தது. தைத்து முடித்துத் தொங்கவிட்டபோது, ஒரு சுருக்கம் இல்லை.

டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். “நாளைக்குக் கிளாஸப் பாக்க ஆபீசர் வராரு. நீங்க வராதீங்க. பொம்பளைங்களுக்குன்னு குடுத்த கிளாஸ் இது. உங்க பாவாடைய வேற பொண்ணு தெச்சதாக் காட்டிக்கிறேன். டவுன்ல தெரிஞ்ச தையல் கடை இருக்கு, அப்புறம் உங்களுக்கு வேலைக்குச் சொல்லி விடுறேன்.”

கடை வேலைதான் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் அத்தனை நாளும் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் கிடைத்துவிடும். ராத்திரி அப்படித்தான் முடிவு செய்தேன். மறுநாள் கால் வகுப்புக்கே போயிற்று. வாசலில் நின்றேன்.

ஆபீசர் பாவாடையை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். “நல்லா இருக்கே. யாரு தெச்சது?”

டீச்சர் முன்வரிசைப் பெண் ஒருத்தியைக் காட்டினார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான் தெச்சது சார்” என்றேன்.

“நீ யாருய்யா?”

“மண்டியில மூட்டை தூக்குறேன். இங்கதான் கத்துக்கிட்டேன்.”

வெங்காயம் அறுக்கும் அக்கா எழுந்தாள். “ஆமாங்க சார், அது என் பாவாடை. அந்தத் தம்பிதான் தெச்சுது. வேணும்னா கட்டிக்கிட்டு வந்து காட்டவா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி டீச்சரிடம், “இனிமே ஆம்பளைங்க யாரும் இங்க இருக்கக் கூடாது” என்றார்.

அவர் போனதும் டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கிளம்புங்க. கடையில உங்களுக்காக இனிமே சொல்ல மாட்டேன்.”

“வேணாம் டீச்சர்.”

அவருக்குக் காப்பாற்ற ஒரு வகுப்பு இருந்தது. எனக்கு இருந்தது ஒரே ஒரு பாவாடை. அதை இன்னொருத்தர் தைத்தார் என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

குன்னம் வரை நடந்தேன். அங்கிருந்து ஒரு காலி சிமெண்ட் லாரி ஏற்றிக்கொண்டது. அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் படுத்தேன்.

காலையில் கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்குள் நுழைந்தேன். கழுத்தில் டேப்போடு இருந்த முதலாளி, “எங்க வேல பாத்த?” என்றார்.

“வேல பாக்கல. பெரம்பலூர்ல பொம்பளைங்க கிளாஸ்ல கத்துக்கிட்டேன்.”

சட்டையில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவன் சிரித்தான். நான் அவனையே பார்த்தேன். அவன் ஊசிக்குத் திரும்பினான்.

“என்ன தைக்க வரும்?”

“பாவாடை.”

“வேற?”

“பாவாடைதான்.”

முதலாளி டேப்பை உருவி மேஜையில் போட்டார். துணிக்கடைகளுக்கு மொத்தமாகப் பாவாடை தைக்கும் வேலையைக் கொடுத்தார். சுவர் ஓரமாக இருந்த மிஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினேன்.