அண்ணன் பெயர் எழுதிய பாட்டில்

"மூத்திரத்தப் பாத்து அப்படி என்னம்மா கண்டுபிடிக்கப் போற? அதுக்கு நாலு வருசம் யூனிவர்சிட்டியா?" என்று மாமா கேட்டார். மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்த நாள் அது. அப்பா பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவர். அம்மா மூன்றாம் படிவத்தைத் தாண்டவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது அதுவே முதல் முறை. மாமா கேலியாகத்தான் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். மூத்திரத்தில் என்னவெல்லாம் தெரியும் என்று நான் பத்து வயதிலேயே தலையைப் பிய்த்துக்கொண்டவள் என்பது மாமாவுக்குத் தெரியாது.

அப்போது கூலாய் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் நான்காவது மாடியில் இருந்தோம். அப்பா சரக்கு லாரி ஓட்டினார், ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். அம்மாவுக்குப் பக்கத்து ஊரான செனாயில் தொழிற்சாலை வேலை. அண்ணனுக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கும் வியாதி எனக்கு இருந்தது, அந்த ஆண்டு அதற்குத் தீனி போட்டவன் அண்ணன்தான். ஐந்து தோசை சாப்பிடுகிறவன் ஒன்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான். பட்டப்பகலில் சட்டையைக்கூட மாற்றாமல் தூங்கினான். புத்தகப் பையில் இருமல் மருந்து பாட்டில்கள் இருந்தன, ஆனால் அவன் இருமி நான் கேட்டதே இல்லை.

"இருமல் வரதுக்கு முன்னாடியே குடிச்சிரணும், பாப்பா. அப்பதான் வராது" என்றான்.

என்ன ஒரு முன்யோசனை என்று வியந்தேன். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லி ஆசிரியரிடம் ஒரு விசித்திரமான பார்வையையும் வாங்கிக்கொண்டேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பள்ளியிலிருந்து அம்மாவை அழைத்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் அண்ணனையும் இன்னும் இரண்டு பையன்களையும் பிடித்திருக்கிறார்கள். அந்த இருவரும் போதை மாத்திரை போட்டதாக அங்கேயே அழுது ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அண்ணன் மட்டும் சும்மா பேசிக்கொண்டு நின்றதாகச் சாதித்தான். கிளினிக்கில் சோதித்துச் சீட்டு கொண்டு வரட்டும், சுத்தமாக இருந்தால் விட்டுவிடுகிறோம் என்றார் கட்டொழுங்கு ஆசிரியர். கிளினிக்கில் அண்ணன் பெயரை எழுதி ஒட்டிய சிறு பாட்டிலைக் கொடுத்து, மறுநாள் காலை முதல் சிறுநீரை வீட்டிலிருந்தே கொண்டு வரச் சொன்னார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. அன்று மாலை அண்ணன் என்னிடம் ஒரு காலி போத்தலை நீட்டி, அறிவியல் பாடத்துக்கு ஒரு சோதனை, உன்னுடையது கொஞ்சம் வேண்டும் என்று மட்டும் சொன்னான். அதில் என்ன பார்ப்பார்கள் என்று கேட்டேன்.

"நீ என்னென்ன உள்ள தள்ளுனியோ, அவ்வளவும் தெரிஞ்சிரும்."

எனக்குப் பகீர் என்றது. தீபாவளிக்கு அம்மா அச்சு முறுக்கு சுட்டு, டின்களில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அலமாரி மேல் வைத்திருந்தார். அந்த டேப்பை நகத்தால் கிளப்பித் தின்றுவிட்டு மறுபடி ஒட்டும் வேலையை நான் நான்கு நாளாகச் செய்துவந்தேன்.

"நாளைக்குத் தரட்டுமா?" என்று கேட்டேன். அதற்குள் முறுக்கு வெளியேறிவிடும் என்பது என் கணக்கு.

"அலமாக்! இப்பவே வேணும்லா. நீ முறுக்குத் திங்கறது எனக்கு எப்பவோ தெரியும். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், நீயும் இத யாருக்கும் சொல்லாத. சரியா?"

நியாயமான ஒப்பந்தமாகத்தான் பட்டது. கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை அம்மா குளியலறை வாசலிலேயே காவல் நின்றார். அண்ணன் தோளில் துண்டோடு உள்ளே போய், பெயர் ஒட்டிய பாட்டிலோடு வெளியே வந்தான். கிளினிக் முத்திரையோடு இருந்த அந்தப் பெயரைப் பார்த்ததும் அது பாடத்துக்கான சோதனை இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அம்மா பாட்டிலைக் கையில் வாங்கி ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மதியம் சீட்டு வந்தது. ஒன்றும் இல்லை, சுத்தம். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கோ அறிவியல் மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது. அத்தனை முறுக்கையும் கண்டுபிடிக்கத் தெரியாத சோதனை என்ன சோதனை?

சீட்டு சுத்தமாக வந்தால் தைப்பூசத்துக்கு மகன் பால்குடம் எடுப்பான் என்று அம்மா முருகனுக்கு வேண்டியிருந்தார். ஒப்புக்கொண்ட இரண்டு பையன்களையும் பள்ளி சிகிச்சைக்கு அனுப்பியது. அவர்கள் குடும்பங்களைப் பற்றி எங்கள் மாடிப்படியில் ஒரு மாதம் பேசித் தீர்த்தார்கள். அண்ணனோ நல்ல பிள்ளையாக வலம் வந்தான். இருமல் மருந்தும் நின்றபாடில்லை.

தைப்பூசத்தன்று காலை வெறும் வயிற்றோடு, மஞ்சள் வேட்டியோடு அவன் குடத்தைத் தலையில் ஏற்றினான். கோயிலுக்குப் பாதி தூரத்தில் கால்கள் பின்னின. குடம் விழுந்து தார் சாலையில் பால் ஓடியது. அவன் மல்லாந்து விழுந்து கை கால்களை உதறினான், கண்கள் மேலே செருகின.

"அருள் வந்துருச்சு! ஒதுங்குங்க, ஒதுங்குங்க!"

உருமி மேளக்காரர்கள் நெருங்கி வந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். வேல் வேல் என்று கூட்டம் முழங்கியது. ஓர் அம்மாள் அவன் நெற்றி நிறைய திருநீறு பூசி, "யாரு வந்துருக்கீங்க? சொல்லுங்க சாமி" என்று குனிந்து கேட்டார். நானும் கை கூப்பி நின்றேன். எந்தச் சாமி என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் முன்னால் நகர்ந்தும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குச் சாமி வந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

பிறகு ஓர் அக்கா கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு வந்தார். தாதிமைக் கல்லூரியில் நர்ஸ் வேலைக்குப் படிப்பவர் என்று பிறகு தெரிந்தது.

"இது அருள் இல்ல, வலிப்பு! மொதல்ல மேளத்த நிறுத்துங்க!"

"சாமி குத்தம் ஆயிரும்மா, தள்ளிப் போ" என்று ஒருவர் அதட்டினார்.

"செத்துப் போயிருவான், அங்கிள்!" என்று கத்தியபடியே அவர் அண்ணனை ஒருக்களித்துப் படுக்கவைத்தார். மேளம் அப்போதுதான் நின்றது.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வலிப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான். அம்மா ஐந்து நிமிடம் என்றார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் பத்து என்றார். சாமிக்கு யார் கடிகாரம் பார்ப்பார்கள்? அடுத்து, போதை மாத்திரை ஏதும் எடுப்பானா என்று கேட்டார். அம்மா கைப்பையைத் திறந்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். அப்படியானால் மூளையில் கிருமித் தொற்றாக இருக்கலாம், முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் மலாயில் சொன்னார். எனக்கு ஊசி என்ற சொல் புரிந்தது, முதுகு என்ற சொல்லும் புரிந்தது.

முறுக்கு விஷயம் வெளிவந்துவிடும். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும். பத்து வயதில் இரண்டும் ஒரே எடைதான். ஆனால் அந்தக் கதவுக்கு அப்பால் அவன் முதுகில் ஒரு பெரிய ஊசி இறங்கப் போகிறது. கட்டுரைப் பாடத்தில் எழுதுவதுபோல முழு வாக்கியமாக, மலாயில் சொன்னேன்: "டாக்டர், அந்தச் சிறுநீர் என்னுடையது."

அம்மா அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அடிக்கவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார், அவ்வளவுதான். டாக்டர் ஓட்டமாக உள்ளே போனார்.

அண்ணன் பிழைத்தான். கண் விழித்ததும் குடம் எங்கே என்று கேட்டான். அரை மணி கழித்து அதையே மறுபடியும் கேட்டான். மாத்திரையும் இருமல் மருந்தும் கலந்ததால் வந்த வினையா, வலிப்பு நீண்டதால் வந்த வினையா என்று யாராலும் எங்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காலையில் சொன்னது அவனுக்கு மாலையில் நினைவில் இருக்காது. ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை எழுதவில்லை. வலிப்பு வரும் என்பதால் வாகன உரிமமும் கிடையாது. இன்றும் இரண்டு வேளை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மாமாவின் கடையில் சாமான் அடுக்குகிறான். அன்று அழுது மாட்டிக்கொண்ட இருவரில் ஒருவன் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுது பார்க்கிறான், இன்னொருவனுக்குப் போன வருடம் கல்யாணம். சீட்டு சுத்தமாக இருந்த பிள்ளைக்குத்தான் யாரும் சிகிச்சை கொடுக்கவில்லை.

வீட்டில் எல்லோரையும் ஏமாற்றியவள் நான் ஒருத்தி என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வந்த பாட்டிலை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும், அப்போது எடுத்ததென்றால் சூடு இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு அவன் என் கையில குடுத்தப்பவே தெரியும். சூடே இல்ல."

"அப்புறம் ஏம்மா கொண்டு போனீங்க?"

"ரெண்டு பிள்ளை பெத்து வளத்தவளுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனா அந்தச் சீட்டு எனக்கு வேணும்னு இருந்துச்சு."

அம்மா சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். பால்குடத்தை நன்றி என்று நினைத்திருந்தேன். ஒருவர் தன் கைக்குத் தெரிந்துவிட்ட ஒன்றை மனதுக்குள் நுழைய விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்பதும், அதற்குக் காரணம் முழுக்க முழுக்கப் பாசமாகவே இருக்கலாம் என்பதும் அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.

போன மாதம் அண்ணன் படித்த இடைநிலைப்பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தேன். மாணவர்களோடு பெற்றோரையும் வரச்சொல்லுங்கள், நடந்ததை நாங்கள் சொல்கிறோம் என்றேன். வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அண்ணன் தானாகவே சம்மதித்தான். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தினமும் படிக்கிறான். எந்த நாள் என்று மட்டும் தினமும் கேட்கிறான்.

இன்று காலையும் கேட்டான். வியாழன் என்றேன்.

"பசங்க கேள்வி கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"பாதியில மறந்துட்டா? நீ பக்கத்துலயே இருப்பல்ல?"

அன்றைக்கான விடுப்பு மனுவை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.