காசு தின்ற மோட்டார் சைக்கிள்

ஆம்பூர் தோல் தரகர் சாலமோனின் மோட்டார் சைக்கிள் காசு தின்கிறதாம். பெட்ரோல் குடிக்கிற வண்டி காசும் தின்னுமா என்று சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். வாசலில் அவர், கழன்று விழுந்த ஸ்டாண்டு ஸ்பிரிங்கை வளைத்து, சுற்றுகளுக்கு நடுவே காலணாக்களைச் செருகிக்கொண்டிருந்தார். அப்படி நீட்டினால்தான் அது கொக்கியில் ஏறும்.

"நாளைக்குக் காணிக்கைக்கு வச்ச காசுங்க அது," என்றாள் மனைவி எஸ்தர்.

"மாட்டினதும் தானா உதிரும். பேஜார் பண்ணாதே."

மாட்டி, ஸ்டாண்டை உதைத்தார். காசெல்லாம் உதிர்ந்தது, ஒன்று மட்டும் உள்ளே இறுகிக்கொண்டது. அதை எடுக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டும்.

"கர்த்தருக்கு இன்னா சொல்றது?"

"வண்டியிலேயே கோயிலுக்கு வருதுன்னு சொல்லு."

மறுநாள் வண்டியோடு வந்தது; கோயில் வாசலோடு நின்றது. அந்தக் காலணா கர்த்தருக்கு இன்னும் பாக்கி.