ஜீப்புக்கு ஸ்பிரிங் வாங்கப் போனது

சண்டை முடிந்து, எலுவன்குளம் ஊடாக மன்னாருக்குப் போகும் காட்டுப் பாதை திறந்தபோது எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பாதையின் மறுமுனையில்தான் எங்கள் காணி கிடந்தது. சண்டைக் காலத்தில் இயக்கக்காரர் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டு எழும்பச் சொன்ன வருடத்தில் நான் சின்னப் பிள்ளை. வாப்பாவும் உம்மாவும் என்னை வள்ளத்தில் ஏற்றிக் கற்பிட்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு எல்லாமே புத்தளம்தான். அகதி முகாமில் வளர்ந்தேன். வாப்பாவை இங்கேயே அடக்கினோம். இந்த ஊர்ப் பெண்ணையே கலியாணம் முடித்தேன். உப்பு ஏற்றும் லொறி ஓட்டிப் பிழைத்தேன்.

முதல் தடவை மச்சானின் வேனை வாங்கிக்கொண்டு தனியாகப் போனேன். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். பாலாவிப் பக்கம் கராஜ் வைத்திருந்தார். எலுவன்குளத்துக்கு அப்பால் குறுக்கிடும் ஆற்றைக் கடந்து கொஞ்சத் தூரம் போவதற்குள், மணலும் குண்டும் கிடங்குமான அந்தப் பாதையில் வேனின் பின் ஸ்பிரிங் முறிந்தது. யானை வருமோ என்று பார்த்தபடி வேனுக்குள்ளேயே இருந்தேன். பின்னால் வந்த டிரக்டர்க்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்து வந்து எலுவன்குளத்தில் விட்டார். காணியைக் காணாமலே திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒரே எண்ணம்தான். அந்தப் பாதைக்கென்றே ஒரு வாகனம் கட்ட வேண்டும். மச்சானின் கராஜ் வேலிக்கரையில் ஒரு பழைய ஜீப்பின் கூடு துருப்பிடித்துக் கிடந்தது. விபத்தில் நசுங்கிய ஜப்பான் வாகனம் ஒன்றின் அடிச்சட்டமும் எஞ்சினும் கிடைத்தன. இரண்டையும் ஒட்டி ஒரே வாகனமாக்கினோம். லொறி இல்லாத நேரமெல்லாம் நான் அங்கேதான். கூட்டை வெட்டி, காய்ச்சி ஒட்டி, உயர்த்தி, பெரிய டயர் போட்டு, கடைசியில் ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. அந்தச் சட்டத்துக்குப் பட்டை ஸ்பிரிங் பொருந்தாது. நாலு மூலைக்கும் சுருள் ஸ்பிரிங்தான். பழையவை அமுங்கிக் குந்திப் போயிருந்தன.

சிலாபத்தில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். கடையை நடத்தியவர் நடுத்தர வயதுச் சிங்களப் பெண். சுவரோரம் ஸ்பிரிங்குகள் வரிசையாக நின்றன. சிலது என் பெருவிரல் அளவு தடித்த மொத்தக் கம்பி, சிலது அதைவிட மெல்லிசு. உயரம் எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான்.

"எவ்வளவு பாரம் ஏத்துவீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஏத்துவேன்" என்றேன்.

"எப்பவுமா, சில நேரமா? எப்பவும் பாரம் இருந்தால் இந்த மொத்தக் கம்பி. ஆட்கள் மட்டும் போய் வாறதென்றால் மெல்லிசுதான் நல்லம். மொத்தக் கம்பியைப் போட்டுவிட்டு வெறுமையாக ஓடினால் முதுகு போய்விடும்."

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பஸ் ஏறிவிட்டேன். ஒரு வாகனத்தில் என்ன ஏற்றப் போகிறேன் என்றுகூடத் தெரியாமலா இத்தனை மாதம் வேலை செய்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

வந்ததும் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"மொத்தக் கம்பி எதுக்கு?"

"சீமெந்து, தகரம், தண்ணித் தாங்கி எல்லாம் கொண்டு போகோணும்."

"அத ஒரு லொறி பிடிச்சு ஒருக்காக் கொண்டு போனாக் காணுமே. பொறகு?"

நான் சிந்திய அரிசியைப் பொறுக்கத் தொடங்கினேன்.

"குடியிருக்கப் போறதெண்டா வாயத் திறந்து சொல்லுங்க. ஸ்பிரிங்கக் காட்டிச் சொல்லாதீங்க. நான் பொறந்தது இஞ்ச. என்ட ஸ்கூல் இஞ்ச. எனக்கு அங்க யாரு இரிக்கி?"

உம்மா உள் அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஜீப் வேலை தொடங்கிய நாளிலிருந்து, "முடிஞ்சா மவன்?" என்று தினமும் கேட்பவர் அவர்தான். அவருக்காகத்தான் இதெல்லாம் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமை போய் மொத்தக் கம்பி ஸ்பிரிங்கையே வாங்கி வந்தேன். மச்சான் பார்த்துவிட்டு, "யானையா ஏத்தப் போற?" என்று கேட்டார். சட்டத்தை ஜாக்கியில் உயர்த்தி நாலையும் பொருத்தினோம். ஜாக்கியை இறக்கியபோது ஜீப் ஒரு விரற்கடைகூடத் தாழவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது.

பாடசாலை விடுமுறையில் உம்மா, மனைவி, நான் மூவரும் புறப்பட்டோம். தார் ரோட்டிலேயே ஒவ்வொரு சின்னக் கிடங்குக்கும் ஜீப் துள்ளியது. எலுவன்குளம் வருவதற்குள் உம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கினார். மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. ஆற்றுநீர் மேலால் ஓடும் சப்பாத்துப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்தினேன். பக்கத்து வயற்காரரிடம் வெறும் உரப் பைகள் வாங்கி, அவர் வளவில் கொட்டியிருந்த மணலையும் கேட்டு, பைகளை நிரப்பிப் பின்னால் அடுக்கினேன். மனைவியும் இறங்கிவந்து பையின் வாயைப் பிடித்தாள். சேலை முழுக்க மணல்.

"ஏத்த ஒண்டும் இல்லாம மண்ண ஏத்துறீங்களே" என்றாள். அவள் சிரித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. பாரம் ஏறியதும் ஜீப் அமர்ந்தது. காட்டுப் பாதை முழுவதும் உம்மா கண்ணை மூடி ஓதிக்கொண்டே வந்தார்.

எங்கள் ஊரில் ஊர் இருக்கவில்லை. காடு ஏறிக் கிடந்தது. திரும்பி வந்திருந்த சில குடும்பங்கள் தகரக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தன. எங்கள் காணியைக் கிணற்றுக் கட்டை வைத்துத்தான் அடையாளம் பிடித்தோம். வீடு இதில், அடுப்படி அதில், வேலி எதுவரை என்று நான் பற்றைக்குள் ஓடி ஓடிக் காட்டினேன். உம்மா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார்.

"பாத்தாச்சு மவன். கெதியா போவம்" என்றார்.

"என்ன உம்மா, இப்பத்தானே வந்த?"

"வாப்பா இஞ்ச இல்லயே. அவர் புத்தளத்து மையவாடியில படுத்திரிக்கார். அவர அங்க விட்டுட்டு நான் இஞ்ச வந்து என்ன செய்ய?"

இத்தனை வருடமும் உம்மா இந்த மண்ணைப் பற்றியே கதைத்தவர். நான் அதைத் திரும்பி வருகிற கதையாகவே கேட்டிருக்கிறேன்.

மனைவியைத் தேடினால் காணவில்லை. கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடமாக வைத்திருந்த ஒரு தகரக் கொட்டிலுக்குள் விடுமுறையிலும் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். முன்னால் பல வயதுப் பிள்ளைகள் பாயில் கலந்து இருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள். "இந்தக் கணக்க முடிச்சிட்டு வாரேன்."

திரும்பும் வழியில் அவள் சொன்னாள். "அங்க கணக்குப் படிப்பிக்க ஆள் இல்ல. நான் கொஞ்சக் காலத்துக்கு இடமாற்றம் கேட்டா என்ன?"

நான் பிரேக் போட்டுவிட்டேன். "எனக்கு அங்க யாரு இரிக்கி எண்டு நீதானே கேட்ட?"

"கேட்டன்தான்" என்றாள். சேலையில் ஒட்டியிருந்த சோக்குத் தூளைத் தட்டினாள். பின் இருக்கையில் உம்மா, "போகட்டும் மவன், நல்ல விசயம்தானே" என்றார்.

எனக்கு யார்மீது கோபம் என்றே தெரியவில்லை. வரவேண்டும் என்று நான் நினைத்தவர் வரமாட்டேன் என்கிறார். வரமாட்டேன் என்றவள் வருகிறாள். சில நாள் ஜீப்பைப் பார்க்கவே பிடிக்காமல் லொறியிலேயே திரிந்தேன். பிறகு மொத்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிக்கொண்டு சிலாபம் போனேன். இந்தத் தடவை என்னால் சொல்ல முடிந்தது: கிழமைக்கு இரண்டு நடை, இரண்டு பேர், புத்தகப் பெட்டி, சாமான், எப்போதாவது நாலு தகரம். கடைக்காரப் பெண் பழையதை எடுத்துக்கொண்டு இடைத்தரமான கம்பியில் நாலு தந்தார்.

மாற்றம் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் அவளைக் கொண்டுபோய் விட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போய்க் கூட்டி வருவேன். காணியைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, அவள் தங்க ஒரு அறை கட்டினேன். உம்மா புத்தளத்தில், மையவாடிக்குக் கிட்டவே இருந்தார். வனவிலங்குகளுக்காகக் காட்டுப் பாதையை மூடிய பிறகு அனுராதபுரப் பக்கமாகச் சுற்றிப் போனோம். நல்ல தார் ரோட்டுத்தான். அதற்கு இந்த ஜீப்பே தேவையில்லை. ஆனாலும் அதிலேயே போனோம்.

சில இரவுகளில் நானும் அந்த அறையில் தங்கினால் உம்மா தனியே என்ன செய்கிறாரோ என்று மனம் அடித்துக்கொள்ளும். வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடப்பேன். ஒருநாள் அவள் கொப்பி திருத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "ஒரு இடத்துல கொஞ்சம் இருங்களன்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வெளியே போனேன்.