காய்ந்த மிளகாயோடு ஷோரூமுக்குப் போனோம்

சென்ற சனிக்கிழமை செராஸில் ஒரு கடையையே இரும வைத்துவிட்டு வந்தோம். நானும் என் மனைவி ராஜியும்தான். வருத்தமா? துளிகூட இல்லை!

கிள்ளானில் வாங்கியிருக்கும் புது வீட்டுக்குக் கிச்சன் கேபினட் போடுகிறோம். இருபது வருடம் செந்தூல் பிளாட்டில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் நுழைய முடியாத அடுப்படியில் சமைத்தவள் ராஜி. அதனாலோ என்னவோ, எனக்கு இந்தக் கிச்சன் மீது ஒரு வெறியே பிடித்துவிட்டது. கதவின் நிறம், கைப்பிடி, கண்ணாடி அலமாரி — எல்லாம் நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அடுப்புக்கு மேலே, கேபினட்டுக்குள்ளேயே பதிக்கிற, புகை உறிஞ்சும் குக்கர் ஹூட்.

அதுதான் முக்கியம். ராஜிக்கு ஆஸ்துமா. தாளிக்கிற புகை பட்டாலே நெஞ்சு இழுக்கும். மிளகாய் வறுக்கிற வேலையே கூடாது என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. அன்றிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமை நாசி லெமாக்குக்கு, அந்தத் தேங்காய்ப்பால் சோற்றுக்கு, மிளகாய்ச் சம்பல் கடையிலிருந்துதான் வருகிறது. பிளாட் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகச் சம்பல் கொடுத்தவள், கடைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குப் பார்க்கவே சகிக்காது.

கடையில் முதல் ஹூட்டைப் பார்த்ததுமே நான் கவிழ்ந்துவிட்டேன். என்ன பளபளப்பு! என்ன ஒல்லி!

"இத்தாலி டிசைன், அண்ணே. இழுத்தா வரும், தள்ளுனா உள்ள போயிரும். சுவத்துல ஓட்டை போடவே வேணாம் லா!" என்றார் சேல்ஸ்மேன் மாறன். விசையை அழுத்தி, அடியில் ஒரு காகிதத்தைக் காட்டினார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. நான் கைதட்டாத குறைதான்.

"நாங்க பேப்பரையா வறுக்கப் போறோம்?" என்றாள் ராஜி.

கைப்பையைத் திறந்தாள். உள்ளே... ஒரு பொட்டலம் காய்ந்த மிளகாய். குட்டிப் போத்தலில் எண்ணெய். "நீங்க வறுங்க. நான் வெளிய நின்னு பாக்குறேன்" என்று கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஏர்கண்டிஷன் ஷோரூமில் யாராவது மிளகாய் வறுப்பார்களா? வறுத்தேன்! செய்து காட்டுவதற்கென்று நிஜ அடுப்பே வைத்திருந்தார்கள். மாறன், பாவம், குவாலிச் சட்டியும் எடுத்துக் கொடுத்தார்.

அரை நிமிடம்தான். முதலில் மாறன் இருமினார். அடுத்து, டைல்ஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தம்பதி. அப்புறம் நான். ஹூட் மட்டும் விமானம் மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது.

ராஜி கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். "தம்பி, புகை எங்க போகுது?"

"உள்ள பில்டர் இருக்குக்கா. காத்த சுத்தம் பண்ணி..." இருமல். "...திரும்ப கிச்சனுக்கே விட்டுரும்."

"அப்ப எனக்கே திரும்பி வருமா? நல்லா இருக்கு லா கதை!"

அழகைப் பார்த்த நான் புகை வெளியே போகக் குழாய் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. நம் ஆட்கள் பலரும் இப்படித்தானே? முன்னால் ஜோராகக் கேபினட். பின்னால் தகரக் கூரை போட்டு அங்கேதான் நிஜச் சமையல். வந்து பார்க்கிறவர்களுக்காகக் கிச்சன் கட்டுகிறோம். வேகிறவளை யார் நினைக்கிறோம்?

பின்பக்கக் கதவு ஜன்னலெல்லாம் திறந்து புகையை விரட்டிவிட்டு, நானும் மாறனும் மூலையிலிருந்த இன்னொரு ஹூட்டுக்குப் போனோம். தடித்த பெட்டி, கீழே அதற்கும் ஓர் அடுப்பு. தொடை கனத்துக்கு ஒரு குழாய், சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. வீட்டில் இதைப் பதிக்க வேண்டுமென்றால் என் கண்ணாடி அலமாரியை அறுத்தாக வேண்டும். வேண்டா வெறுப்பாகத்தான் இரண்டாவது பிடி மிளகாயைப் போட்டேன்.

மிளகாய் உப்பியது, கறுக்கத் தொடங்கியது. யாரும் இருமவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. ராஜி ஓர் அடி வைத்தாள். நின்றாள். மெல்ல மூச்சை இழுத்துப் பார்த்தாள். இன்னோர் அடி... இன்னொன்று... எனக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. நேரே அடுப்புப் பக்கம் வந்தவள், என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"தீய விடுறீங்க! தள்ளுங்க அந்தப் பக்கம்!"

அங்கிருந்தே கேபினட்காரருக்குப் போன் போட்டு, அலமாரியை அறுக்கச் சொல்லிவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு இனிப்பான திட்டு வாங்கியதில்லை!