உச்சி விளக்கை அணைக்க நான் பட்ட பாடு

ஸ்கூடாய் நகரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் உச்சியில் கட்டடத்தின் பெயரை வெள்ளை விளக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். விடிய விடிய எரியும். அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் இரவில்தான் பறக்கும். மேகம் தாழ்ந்தால் அந்த வெளிச்சத்தில் மாட்டிக்கொண்டு சுற்றும், கண்ணாடியில் மோதிச் சாகும். ஒருமுறை என் பால்கனியிலேயே ஒன்று விழுந்தது. நீல இறக்கை, பச்சை முதுகு, அடிவயிறு சிவப்பு. கழுத்து ஒடிந்திருந்தது.

அக்டோபர், நவம்பர் இரண்டு மாதம் மட்டும் இரவில் விளக்கை அணைத்து வைக்கச் சொல்லிக் குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். பால்கனியில் விழுந்த பறவையைச் சொன்னதற்கு, பூனை கொண்டுவந்து போட்டிருக்கும் என்றார்கள். தலைவர் சிரித்தார்.

"தூக்கம் வரலன்னா டாக்டரப் போய்ப் பாருங்கக்கா. இல்லாட்டி ஆதாரம் கொண்டாங்க, பேசலாம்."

எனக்கு ரோஷம். ஒன்பது இரவு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காலை ஆறேகாலுக்குத் தொழிற்சாலை பஸ். அதில் நின்றுகொண்டே தூங்கினேன். வானமோ தெளிவாக இருந்தது. தலைக்கு மேலே இருட்டில் சின்னச் சின்னக் குரல்கள் தெற்கே போயின, அவ்வளவுதான். ஒன்றுகூட மோதவில்லை. பிழைத்துப் போகின்றன என்று சந்தோஷப்படாமல் எரிச்சல்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்தாம் இரவு மழை. அசதியில் தூங்கிவிட்டேன். ஐந்தரைக்கு ஓடி இறங்கினால் தரை சுத்தமாக இருந்தது. கூட்டுகிற அம்மா குப்பைப் பையை முடிந்துகொண்டிருந்தார். பறவை ஏதும் கிடந்ததா என்று கேட்டேன்.

"மழன்னா நெறையக் கெடக்குமே தங்கச்சி. எறும்பு வந்துரும்னு விடியுமுன்ன அள்ளிருவேன். நாலு வருசமா அள்ளுறேன்."

யாரிடமும் சொல்லவில்லையா என்றேன்.

"யாரு கேட்டா?"

நானும் கேட்டதில்லை. தினமும் அவரைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.

அன்று வேலைக்குப் போகவில்லை. பையைப் பிரித்து, பதினான்கு பறவைகளைப் பழைய பேப்பரில் வைத்து, அலுவலகம் திறந்ததும் தலைவர் மேசையில் விரித்தேன். அந்த அம்மா வாசலிலேயே நின்றார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்று தலைவர் அவர்மேல் பாய்ந்தார். அவரைத் திட்டாதீர்கள், கேட்காதது நாம் என்றேன்.

தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "நவம்பர் முடியிற வரைக்கும் லைட்ட அடைக்கச் சொல்றேன். மொதல்ல இத எடுங்கக்கா."

அடுத்த வருஷம் மறுபடி கூட்டத்தில் கேட்க வேண்டுமாம். நினைத்தாலே உடம்பு வலித்தது. அன்றிரவு விளக்கு எரியவில்லை. மேலே ஏறிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.